முகமலர்ச்சி என்னும் காணிக்கை



அறுப்பின் பண்டிகை நாட்களில் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். எப்படிக் கொடுக்கிறவர்மேல் தேவன் பிரியமாயிருக்கிறார் என்று 7ஆம் வசனத்தில் பவுல் கூறுகிறார். அவ்விடத்தில் 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் ‘சியர்ஃபுல்’ என்கிறது. அச்சொல்லின் வரலாற்றைச் சற்றே ஆராய்வோம்.

‘சியர்’ என்பது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தது. அதன் ஆதிப்பொருள் முகம். முகத்தில் தோன்றும் மனநிலையைக் குறித்து, நாளடைவில் மகிழ்ச்சியான மனநிலையை மட்டும் குறிக்கலாயிற்று. நாம் ‘முகமலர்ச்சி’ என்று சொல்லுவதும் இதையே அல்லவா? நிலக்கோட்டை மல்லிகையை விடியுமுன் பறிக்கிறவர்கள், மொட்டைக் கையால் விரித்து மலரவைக்க முடியாது என்பதை அறிவார்கள். முகமும் அப்படியே, அகம் மலர்ந்தால்தான் அது மலரும். அகமகிழ்ந்து கொடுப்பதைக் காட்டிலும் முகமலர்ந்து இன்சொல் கூறுவது நன்று என்று திருவள்ளுவரும் ‘இனியவை கூறல்’ அதிகாரத்தில் உரைத்திருக்கிறார்.

பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ‘ஹிலரோஸ்’. இதிலிருந்து லத்தீன் வழியாக ‘ஹிலேரியஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது. ஆகவே சிரித்துக் கூத்தாடிக் கொடுக்க வேண்டும் என்று சிலர் பிரசங்கிப்பதுண்டு. வயிறு குலுங்கச் சிரிக்கவைப்பது என்னும் பொருள் அச்சொல்லுக்குப் பிற்காலத்தில் ஏற்பட்டது. பவுல் கருதியது மனமுவந்த மகிழ்ச்சியே. 1871இல் முழுமையாக வெளிவந்த நம் தமிழ் வேதாகமம் இதற்கு ‘உற்சாகம்’ என்னும் சொல்லைத் தெரிந்துகொண்டது. வடமொழியில் அதற்கு ஊக்கம், முயற்சி என்பன பொருள். கிரேக்கத்தில் மகிழ்ச்சி, ஆங்கிலத்தில் முகம், தமிழில் ஊக்கம். மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல கொடையாளியை நமக்குக் காட்டுகின்றன.

இவ்வசனம் எழுதப்பட்ட சூழலையும் மறவாதிருங்கள். எருசலேமிலிருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்காகப் பவுல் தர்மப்பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். கொடிய தரித்திரத்திலிருந்த மக்கெதோனியா சபைகள் தாமாகவே முன்வந்து கொடுத்தன. ஆயினும் பவுல் அவர்களைக் காட்டிக் கொரிந்தியரை நெருக்கவில்லை. கட்டாயத்தினால் கொடுக்க வேண்டாம் என்றும், இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்றும் எழுதினார்.

ஆகையால் உங்களுக்குச் சொல்லுகிறேன்: மழை பொய்த்துக் கிணறு வற்றிய ஆண்டில், அயலாருக்குச் சமமாக ஏலம் கேட்க வேண்டுமென்று வட்டிக்குக் கடன் வாங்காதிருங்கள். சோறு சமைக்கும்போது ஒரு தாய் எடுத்துவைக்கும் பிடியரிசி தேவனுக்கு முன்பாகச் சிறியதல்ல. தொகையை வாசித்துக் கொடுத்தவரை நாணச்செய்யும் சபை, அவருடைய முகமலர்ச்சியைப் பறித்துவிடுகிறது.

துக்கத்திலிருப்பவர்களே, நீங்கள் பொய்யாகப் புன்னகைக்கவேண்டியதில்லை. யோவான் 16ஆம் அதிகாரத்தின் முடிவில், சிலுவைக்கு முந்தின இரவில் ஆண்டவர் சொன்ன வார்த்தையிலும் அதே ஆங்கில வேதாகமம் ‘சியர்’ என்றே சொல்லுகிறது. ஆனால் அங்குள்ள கிரேக்கச் சொல் வேறு. அதன் பொருள் தைரியம். நம் தமிழ் வேதாகமமும் அதைத் ‘திடன்’ என்றே மொழிபெயர்த்தது. கண்ணீரோடு இருப்பவரிடம் கர்த்தர் சிரிப்பைக் கேட்கவில்லை; திடனைத் தருகிறார்.

இவ்வாரம் நீங்கள் எதைக் கொடுத்தாலும், அரிசியானாலும் நேரமானாலும் ஓர் ஆறுதல் வார்த்தையானாலும், அதை முகமலர்ந்து கொடுக்கக் கர்த்தர் உங்களுக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.