உதிர்ந்துபோன கேள்விக்குறி: அயோடின் உப்பும் தைராய்டு எதிர்ப்பொருளும்

ஐரோப்பிய நாளமில்லாச் சுரப்பியியல் இதழ் ஒன்றில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றின் தலைப்பு கேள்விக்குறியில் முடிகிறது. இலங்கைப் பள்ளி மாணவியரிடம், தைராய்டுச் சுரப்பியின் புரதமான தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அயோடின்தான் காரணமா என்று அது கேட்கிறது. பின்னர் அந்த ஆய்வை எடுத்தாண்டவர்கள் பலரிடம் கேள்விக்குறி உதிர்ந்துபோயிற்று. அயோடின் உப்பு வந்தது, தைராய்டு நோய் பெருகியது என்று வாதிடும் ஒரு மரபு இன்றும் அந்த ஆய்வையே முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறது. சாட்சி சொன்னது வேறு என்பது என் வாதம்.

ஆய்வில் இடம்பெற்றவர்கள் 11 முதல் 16 வயது வரையிலான 367 மாணவியர். தைரோகுளோபுலின் எதிர்ப்பொருள் 11 வயதினரில் 14.3 விழுக்காட்டினரிடமும் 16 வயதினரில் 69.7 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. இந்த இரண்டாவது எண்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது, படத்தான் செய்யும். ஆனால் அதே மாணவியரிடம், நோயோடு நெருங்கிய உறவுடைய தைராய்டு பெராக்சிடேஸ் எதிர்ப்பொருள் ஏறத்தாழ எல்லா வயதிலும் 10 விழுக்காட்டைத் தாண்டவில்லை. தைராய்டு இயக்குநீர் அளவுகள் இயல்பாக இருந்தன, தைராய்டைத் தூண்டும் இயக்குநீரான டி.எஸ்.எச். கூடியிருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சிறுநீர் அயோடினின் நடு அளவு, உலக நல நிறுவனம் போதுமானது என வகுத்த லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் என்ற எல்லைக்குள்ளேயே இருந்தது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது, சுரப்பியில் கோளாறு இல்லை, அயோடின் மிகையும் இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தவர் உப்பின்மேல் இவ்வளவு விரைவில் குற்றம் சாட்டியிருக்க மாட்டார்.

வயது ஏற ஏற எதிர்ப்பொருள் ஏறியது ஏன் என்ற வினாவுக்கு, அயோடின் மிகுதியாக ஏறிய தைரோகுளோபுலின் உடலின் எதிர்ப்பைத் தூண்டுகிறது என்பது வழக்கமான விடை. ஆய்வகத்தில் இதற்கு ஆதாரம் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் இலங்கையில் உப்பில் அயோடின் சேர்க்கும் திட்டம் 1990களில் தொடங்கியது. 11 வயதுச் சிறுமியும் 16 வயதுப் பெண்ணும் அந்த உப்பை உண்ட ஆண்டுகள் ஏறக்குறைய ஒன்றே. இருவரும் வேறுபடுவது உப்பு வருவதற்கு முன் கழிந்த ஆண்டுகளில். மூத்தவள் அயோடின் பற்றாக்குறையில் கூடுதலாக ஐந்து ஆண்டுகள் வளர்ந்தவள். அவளது சுரப்பி அவ்வளவு காலம் வீங்கி, தைரோகுளோபுலினைக் குருதியில் கசியவிட்டுக்கொண்டிருந்திருக்கும். அப்படியானால் 69.7 என்ற எண் உப்பின் அளவைக் காட்டிலும் பழைய பற்றாக்குறையின் நீளத்தையே அளக்கிறது எனலாம். பருவமடைதலின் பங்கையும் ஒதுக்கிவிட முடியாது. 367 பேரை ஆறு வயதுக்குப் பிரித்தால் ஒரு வயதுக்குச் சராசரி ஏறத்தாழ 60 பேர்தான் என்பதால், இந்த விளக்கத்தை நான் நிறுவப்பட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் விளக்கமும் அதே 60 பேரின் மேல்தான் நிற்கிறது.

அதே ஆய்வுக்குழுவினர் சார்ந்த அடுத்த கட்டுரை 2003இல் வந்தது. மூன்று ஆண்டு இடைவெளியில், அயோடின் உப்பு தொடர்ந்து புழக்கத்தில் இருந்தபோதே, எதிர்ப்பொருள் கண்டவர்களின் விகிதம் குறைந்திருந்தது. உப்புதான் நோயை வளர்க்கிறது என்றால் இது ஏறியிருக்க வேண்டும். முதல் கட்டுரையை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டாவதைத் தொடாமல் போவது எனக்கு வியப்பளிக்கவில்லை.

மிகை அயோடின் தீங்கு செய்யாது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். சீனாவின் மூன்று பகுதிகளை ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வு, அயோடின் மிகுந்த ஹுவாங்ஹுவா பகுதியில் குறைசுரப்பும் தன்தடுப்பு தைராய்டு அழற்சியும் கூடியிருந்ததைக் காட்டியது. அங்கே சிறுநீர் அயோடினின் நடு அளவு லிட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டியது. நம் மக்கள் அந்த அளவில் இருக்கிறார்கள் என்று காட்டினால் ஒழிய, சீனச் சான்று இங்கே செல்லாது.

தமிழ்ப் பகுதிக்கு வருவோம். புதுச்சேரிப் பெண்கள் 505 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில் 15.8 விழுக்காட்டினருக்குத் தைராய்டுக் கோளாறு இருந்தது. குறைசுரப்பு மட்டும் 11.5 விழுக்காடு. அந்த 11.5இல் 9.5 மறைநிலைக் குறைசுரப்பு, அதாவது டி.எஸ்.எச். கூடியிருந்தது, தைராக்சின் இயல்பாக இருந்தது. மாத்திரை தேவைப்படும் வெளிப்படையான குறைசுரப்பு எஞ்சிய இரண்டு விழுக்காடுதான். மாதவிடாய் நின்ற பெண்களிடம் குறைசுரப்பு 20.3 விழுக்காடாக உயர்ந்தது. இந்தப் பெண்கள் எந்த உப்பைத் தின்று வளர்ந்தவர்கள்? அயோடின் இல்லாத உப்பை உணவுக்கு விற்கக் கூடாது என்ற நாடு தழுவிய தடை 1990களின் இறுதியில் வந்தது, 2000இல் விலக்கப்பட்டது, 2006 மே மாதத்தில்தான் திரும்பியது. மாதவிடாய் நின்ற அந்தப் பெண்கள் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சாதாரண உப்போடு கழித்தவர்கள். சில ஆண்டுகள் விட்டுவிட்டு வந்த அயோடினை அவர்களின் நோய்க்குப் பொறுப்பாக்குவது காலக்கணக்குக்கே ஒவ்வாது.

காலக்கணக்கை விட அடுப்படிக் கணக்கு இன்னும் தெளிவானது. விழுப்புரம் மாவட்டத்துப் பனமலைக்கு வருபவர்கள் இராசசிம்ம பல்லவனின் தாளகிரீசுவரர் கோயிலையும் அங்கே எஞ்சியுள்ள பார்வதி ஓவியத்தையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் பார்த்தது மலையடிவாரத்து வீடொன்றின் உப்பு ஜாடியை. பெரிய பருக்கையாகக் கல்லுப்பு. மழை ஈரத்தில் கசிந்து அடியில் இரண்டு விரற்கடை நீர் விட்டிருந்தது. வீட்டுக்கார அம்மா ஜாடியைச் சாய்த்து அந்த நீரைத் தொட்டியில் வடித்துவிட்டு, மண் போகட்டும் என்று ஒரு பிடி உப்பைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசிக் குழம்பில் போட்டார். கல்லுப்பில் அயோடின் பெரும்பாலும் பருக்கையின் மேற்பரப்பில் தெளிக்கப்பட்ட பொட்டாசியம் அயோடேட்டாக ஒட்டியிருப்பது. அது தண்ணீரில் கரையும். வடித்த நீரோடும் அலசிய நீரோடும் அதில் ஒரு பகுதி போயிருக்கும். ஒரு வீட்டை வைத்து மாவட்டத்தைப் பேசக் கூடாது. ஆனால் கல்லுப்பு நம் சமையலறையின் வழக்கம். அதே விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கின்றன.

இந்தியச் சட்டம் கேட்பது, நுகர்வோர் கைக்கு வரும் உப்பில் பத்து லட்சத்தில் குறைந்தது 15 பங்கு அயோடின். 15 பங்கு உள்ள உப்பை நாளுக்கு 10 கிராம் உண்டால் கிடைப்பது 150 மைக்ரோகிராம். வளர்ந்த ஒருவரின் அன்றாடத் தேவை அதுவே. கருவுற்றவருக்கு 250 வேண்டும். 2018-19இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில் இந்தப் 15 பங்கை எட்டிய வீடுகள் நாட்டில் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் இதுவே கடைசி இடம். அயோடின் வெள்ளத்தில் நாம் மூழ்குகிறோம் என்று சொல்பவர்கள் இந்த எண்ணை எப்படிப் படிக்கிறார்கள் என்று தெரியவில்லை. மாநில அளவு எண்ணிலிருந்து தனி ஒருவரின் நோய்க்குக் கோடு இழுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை எனக்கும் பொருந்தும். அதனால் இந்த எண் உப்பை விடுவிக்கிறது என்று சொல்லமாட்டேன். மிகை என்ற குற்றச்சாட்டுக்கு அடித்தளம் இல்லை என்று மட்டும் சொல்வேன். கடலோரத்தில் அயோடின் இயல்பாகவே மிகை என்ற பேச்சும் உண்டு. எட்டு நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில் குறைசுரப்பு கடலோர நகரங்களில் 9.45, உள்நாட்டு நகரங்களில் 11.73 விழுக்காடு. கடலோரம்தான் குறைவு.

தைராய்டுப் புற்றுநோய் கூடுவதற்கும் உப்பே காரணம் என்ற வாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. தென்கொரியாவில் 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்பட்ட வீதம் 15 மடங்கு ஆனது. இறப்பு வீதம் அசையவில்லை. கூடியது புற்றுநோய் அன்று, கழுத்தில் வைத்த அல்ட்ராசவுண்ட் கருவி. அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் ஃபாலிக்குலர் வகை குறைந்து, எளிதில் குணமாகும் பாப்பிலரி வகையின் பங்கு கூடுகிறது என்பது பல நாடுகளில் பார்த்த செய்தி. அதை உப்பின் தீமைப் பட்டியலில் சேர்ப்பவரோடு வாதாட எனக்கு நேரமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓர் இடைவெளியை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே கண்ட ஆய்வுகளில் எதுவும் ஒரே பெண்ணின் எதிர்ப்பொருளையும் சிறுநீர் அயோடினையும் அவள் வீட்டு உப்பையும் ஒன்றாக அளந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து நம் கையில் தரவில்லை. செஞ்சி, விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் தைராய்டு ஆய்வுக்குக் கிளம்பும் மருத்துவ மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இரத்த மாதிரி எடுக்கும் அன்றே சிறுநீரும் எடுங்கள். வீட்டுக்குப் போய் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி உப்பும் வாங்கிக்கொள்ளுங்கள், அலசுவதற்கு முன் ஒன்றும் அலசிய பின் ஒன்றுமாக. அடுத்த ஆண்டும் அதே வீட்டுக்குப் போங்கள்.