தூரத்து வைத்தியர்



2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆந்திராவின் அரகொண்டா கிராமத்தில் அப்பல்லோ குழுமம் அமைத்த தொலைமருத்துவ நிலையத்தை அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன் தொடக்கிவைத்தார். செய்மதி வழியே நகரத்து நிபுணர் கிராமத்து நோயாளியைப் பார்த்தார்.

வளைகுடாவில் 2014இல் அபுதாபியில் தொலைபேசி ஆலோசனை நிலையம் வந்தது. 2022இல் றியாத்தில் 'ஸெஹா' மெய்நிகர் வைத்தியசாலை திறக்கப்பட்டது; தொடக்கத்திலேயே 130 வைத்தியசாலைகள் இணைந்தன. தூரத்து ஊரில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், மூளை ஸ்கேன் படத்தை றியாத் நிபுணர் பார்த்து வழி சொல்கிறார். கூட இருக்கும் உள்ளூர் வைத்தியரும் கற்றுக்கொள்கிறார். கணக்குப் பார்த்தால் அதுவே பெரிய வரவு.

ஆனால் நோவைத் தன் மொழியில் சொல்ல முடியாதவருக்குத் திரை பாதி உதவிதான். இடம்பெயர்ந்த நமக்கு இது தெரியும். பிள்ளைகளே, பெரியவர்கள் வைத்தியரோடு பேசும்போது அருகில் இருங்கள்.