முள்ளந்தண்டுக்குள் போன மருந்து

நாரி நோவெண்டால் எங்கட வீடுகளில முதலில் வாறது தைலம். அதுக்கும் கேக்காட்டி, "முள்ளந்தண்டுக்கு ஊசி போடலாமாம்" எண்டு கதை வரும். அந்த ஊசிக்குள்ள என்ன இருக்கு எண்டு நாங்கள் கேட்பது குறைவு.

1901இல் பரிஸில் சிக்கார் என்ற வைத்தியர், காலுக்கு இறங்கும் நரம்பு நோவுக்காக வால் எலும்புக்கு மேலுள்ள துவாரத்தால் செலுத்தியது கொக்கெயின் கரைசல். ஓம், இப்ப பொலிஸ் பிடிக்கிற அதே கொக்கெயின்தான்! பிறகு அதைவிட ஆபத்துக் குறைந்த மரக்கும் மருந்துகள் வந்தன. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாத நோயாளிகளுக்குக் கோர்ட்டிசோன் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டே வருடத்தில் அதற்கு நோபல் பரிசு. 1952இல் இத்தாலியர்களான ரொபெக்கியும் கப்ராவும் அதே வகை ஸ்டெரொயிட்டை முதுகு நரம்பு வேரருகே ஏற்றினார்கள். வீக்கம் வத்தினால் நோவும் குறையும் என்பது கணக்கு.

ஆனால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஸ்டெரொயிட்டுகளை இந்த இடத்தில் போடுவதற்கு அங்கீகரிக்கவே இல்லை. 2014இல் அதைச் சொல்லியே எச்சரித்தது. வைத்தியர்கள் தங்கள் தீர்மானத்தில் போடலாம், அது சட்டவிரோதமல்ல. இலட்சக்கணக்கில் போட்டார்கள்.

எங்களை உலுக்கியது 2012. மருந்து பழுதாகாமல் சேர்க்கும் பதப்படுத்திகள் நரம்புக்குக் கூடாது என்ற பயம் ஏற்கெனவே இருந்தது. மசாசூசெட்ஸில் நியூ இங்கிலாந்து கொம்பவுண்டிங் சென்டர் என்ற மருந்தகம், பதப்படுத்தி இல்லாத மெதில்பிரெட்னிசலோனைத் தானே கலந்து விற்றது. விலையும் குறைவு. ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கும் கலந்து கொடுக்க வேண்டிய இடம், பொய்ப் பெயர்களும் எழுதி மொத்தமாக அனுப்பியது. சுத்தமில்லாத அறையில் குப்பிகளுக்குள் பங்கசு புகுந்தது. தடுக்க உள்ளே ஒன்றும் இல்லை. நரம்பைக் காப்பாற்ற எடுத்த அந்தப் பதப்படுத்தியின் இடம் வெறுமையாகக் கிடந்தது.

அந்த செப்டெம்பரில் டென்னசியில் ஒரு நோயாளிக்குப் பங்கசால் மூளைக்காய்ச்சல் எண்டு கண்டுபிடித்தார்கள். முடிவில் 20 மாநிலங்களில் 753 பேருக்கு நோய், 64 பேர் இறப்பு. முதுகு நோவுக்குப் போன சனம், யோசிச்சுப் பாருங்கோ.

மருந்தகத் தலைவர் பெரி கேடனுக்கு 2017இல் மோசடிக் குற்றங்களுக்கு ஒன்பது வருடச் சிறை கிடைத்தது. பின்னர் அது பதினான்கரை வருடமாக்கப்பட்டது. கொலைக் குற்றச்சாட்டுகளில் யூரி அவரை விடுவித்தது. 2013 நவம்பரில் வந்த புதுச் சட்டம், மொத்தமாகக் கலக்கும் இடங்கள் அரசிடம் பதிந்து பரிசோதனைக்கு உட்பட வழி செய்தது. பதிவது அவரவர் விருப்பம்.