மொட்டை மாடி யூனிட்டுக்கு என்ன விலை?

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியல. போன வாரம் அப்பா ஒரு கேள்வி கேட்டார். "ஏம்ப்பா, நம்ம மாடியில சோலார் போட்டா ஈபி பில் குறையுமா?" ரிட்டையர்மென்ட் காசுல கைவைக்கிற விஷயம், சும்மா தலையாட்ட முடியாது. எக்செல் ஷீட்டைத் திறந்தேன். உள்ளே போகப் போக அது கணக்குப் பாடத்துல இருந்து வரலாற்றுப் பாடமா மாறிடுச்சு.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி. மணலி புதுநகர்ல எங்க வீட்டு வாசல்ல பழைய மீட்டர் ஒண்ணு இருந்தது. உள்ளே ஒரு அலுமினியத் தட்டு சுத்தும். கிரைண்டர் போட்டா வேகமா ஓடும். அது எப்பவாவது பின்னாடி சுத்துமான்னு உட்கார்ந்து பார்த்திருக்கேன். சுத்தாது. மாடியில ஏறினா தூரத்துல அனல்மின் நிலையச் சிம்னிகள். எண்ணூர்ல 1970-ல் ஓட ஆரம்பிச்ச நிலையம் 2017-ல் மூடப்பட்டது. வட சென்னையும் வல்லூரும் இன்னும் ஓடுது. கரண்ட் அங்கேயிருந்து வரும், காசு இங்கேயிருந்து போகும். எங்களுக்குத் தெரிஞ்ச திசை அது ஒண்ணுதான்.

அமெரிக்காவுல மீட்டர் நிஜமாவே பின்னாடி சுத்தியிருக்கு. 1979-ல் ஸ்டீவன் ஸ்ட்ராங் என்ற கட்டடக் கலைஞர் மாசசூசெட்ஸில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு வீட்டிலும் சோலார் தகடு வைத்தார். மிச்சக் கரண்ட் வெளியே போனப்ப மீட்டர் தானா பின்னோக்கி ஓடிச்சு. 1983-ல் மினசோட்டா மாநிலம் அதைச் சட்டமாவே ஆக்கிடுச்சு. நெட் மீட்டரிங் என்பது இவ்வளவுதான்: பகல்ல வெளியே விட்ட யூனிட்டை ராத்திரி வாங்கின யூனிட்ல கழிச்சுட்டு, மிச்சத்துக்கு மட்டும் பில்.

நம்ம ஊர்ல இது சட்டமன்றம் போட்ட சட்டம் இல்லை. நாடாளுமன்றம் கொண்டுவந்த மின்சாரச் சட்டம், 2003-இன் கீழ் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போடும் ஆணைகள்தான் எல்லாம்.

2012 ஞாபகம் இருக்கா? சென்னையில ரெண்டு மணி நேரம், வெளி மாவட்டங்கள்ல பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட கரண்ட் கட். அந்த அக்டோபரில் முதல்வர் ஜெயலலிதா சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டார். 2015-க்குள் 3,000 மெகாவாட் இலக்கு, நெட் மீட்டரிங்குக்கு அனுமதி. ஆணையத்தின் ஆணை வந்தது 2013 நவம்பர் 13-ல். ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட். ஆனா வருஷக் கடைசியில மொத்த உபயோகத்துல 90 சதவீதம் வரைக்கும்தான் கழிக்கலாம்.

2019 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி ஆட்சியில் புதுக் கொள்கை. 2023-க்குள் 9,000 மெகாவாட், அதுல 40 சதவீதம் நம்மை மாதிரி நுகர்வோர் கிட்டே இருந்து. அடுத்த மாசம், மார்ச் 25-ல் வந்த ஆணை ஆட்டத்தையே மாத்திடுச்சு. நெட் மீட்டரிங் போச்சு. வாங்குற யூனிட்டுக்கு ஈபி விலை, வெளியே விடுற யூனிட்டுக்கு 2 ரூபாய் 28 காசு. ஈபி பக்கமும் நியாயம் இல்லாம இல்லை. கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், ராத்திரி சப்ளைக்கான நிலக்கரி, இந்தச் செலவெல்லாம் யார் தலையில?

2020 கடைசியில் மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைக் கொண்டுவந்து 10 கிலோவாட் வரை நெட் மீட்டரிங்னு சொன்னது. 2021 ஜூனில் அது 500 கிலோவாட் ஆச்சு. 2021 அக்டோபர் 22 ஆணையில் நம்ம வீடுகளுக்கு நெட் மீட்டரிங் திரும்பி வந்தது. கூடவே நெட்வொர்க் கட்டணம்னு ஒண்ணும் புதுசா வந்தது.

மக்கள் ஜெயிச்சாங்க, சுபம்னு எழுதி முடிச்சிருப்பேன். எக்செல்தான் விடல.

2018-ல் இருந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்குங்க. ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சுமாரா 4 யூனிட் தரும். ரெண்டு மாசத்துக்கு 240. எங்க வீட்டு உபயோகம் 300 யூனிட். முதல் 100 இலவசம், அடுத்த நூறு 2 ரூபாய், அதுக்கடுத்த நூறு 3 ரூபாய். ஆக பில் 500 ரூபாய். 240-ஐக் கழிச்சா மிச்சம் 60, அது இலவசத்துலயே போயிடும். மிச்சமாகும் பணம் 500 ரூபாய்.

இப்ப நாலு ஏ.சி. ஓடுற ஒரு பங்களா. உபயோகம் 1,000 யூனிட். அங்கே 500-க்கு மேல ஒவ்வொரு யூனிட்டும் 6 ரூபாய் 60 காசு. அதே தகடு, அதே வெயில், அதே 240 யூனிட். மிச்சமாகும் பணம் 1,584 ரூபாய்!

2019 முறையில 240-ம் வெளியே போனதா வைச்சுக்கிட்டா ரெண்டு வீட்டுக்கும் 547 ரூபாய். எல்லாரும் (நானும்தான்) திட்டின அந்த ஆணையில எங்க வீட்டுக்கு 47 ரூபாய் கூடத்தான் கிடைச்சிருக்கும். :-)

யூனிட்டுக்கு யூனிட் சமம்னு சொல்றது சரிதான். ஆனா ரூபாயில பார்த்தா, உங்க மாடி யூனிட்டோட விலையைத் தீர்மானிக்கிறது சூரியன் இல்லை, நீங்க நிக்கிற ஸ்லாப். சின்ன வீட்டைக் காப்பாத்தப் போட்ட மானியமே, சின்ன வீட்டு மாடிக்குச் சோலார் வராம தடுக்குது. யாரும் திட்டம் போட்டுச் செஞ்சதில்லை. ரெண்டு நல்ல விஷயம் ஒண்ணுக்கொண்ணு குறுக்கே நிக்குது, அவ்வளவுதான்.

2024-ல் வந்த பிரதமர் சூர்ய வீடு திட்டம் இதைக் கொஞ்சம் சரி பண்ணுது. ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், மூணு கிலோவாட்டுக்கு 78,000. இது ஸ்லாப் பார்க்காது, கிலோவாட்டைத்தான் பார்க்கும்.

எல்லாத்தையும் அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு வரி சொன்னார்:

"அப்போ சோலார்ல லாபம் வரணும்னா, நாம முதல்ல ஏ.சி. வாங்கணுமா?"

எக்செல்ல அதுக்குப் பதில் இல்லை.

டிஸ்கி: நிலைக் கட்டணத்தைக் கணக்குல சேர்க்கலை. 2022 செப்டம்பருக்கு அப்புறம் கட்டணம் ஏறிடுச்சு, அதனால ரூபாய் மாறும். ஸ்லாப் ஏணி மட்டும் அங்கேயேதான் நிக்குது.