லண்டனுக்குப் போகும் வழி: 1949 முதல் இன்று வரை

 

ஏ/எல் பெறுபேறு வந்தால் முன்பெல்லாம் "எந்தக் கெம்பஸ் கிடைக்கும்?" என்று கேட்போம். இப்போது "எந்த நாடு, என்ன விசா?" என்றுதான் கேட்கிறோம். காணி உறுதியை ஈடு வைத்து, உம்மாவின் நகையை விற்றுப் போகிறார்கள் எங்கள் பிள்ளைகள். போகிற பிள்ளைக்கு விசாவின் பெயர் தெரியும். அந்த விசாவில் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது, எத்தனை வருடம் தாங்கும் என்பது தெரியாது. பிரித்தானியாவை மட்டும் எடுத்து, அந்தக் கதவு எப்படித் திறந்து எப்படி மூடியது என்று இன்று பார்ப்போம்.

1948இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம் 1949 ஜனவரி 1ஆம் திகதி அமுலுக்கு வந்தது. அப்போது இலங்கை சுதந்திரம் பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் பொதுநலவாய நாட்டுப் பிரஜை என்ற வகையில் இலங்கையர் ஒருவர் கடவுச்சீட்டோடு கப்பலேறினால் போதும். விசா இல்லை, வேலை அனுமதி இல்லை, எத்தனை வருடம் என்ற கணக்கும் இல்லை. இந்தக் கதவு 13 வருடங்கள் திறந்திருந்தது.

1962 ஜூலை 1ஆம் திகதி பொதுநலவாயக் குடிவரவுச் சட்டம் அமுலானது. வேலைக்காகப் போவோருக்கு "வவுச்சர்" முறை வந்தது. ஏ வவுச்சர், குறிப்பிட்ட ஒரு முதலாளி வேலை தருவதாக உறுதி செய்தவருக்கு. பி வவுச்சர், டொக்டர், தாதி, ஆசிரியர் போன்று தகைமை உள்ளவருக்கு. சி வவுச்சர், இரண்டும் இல்லாத சாதாரண தொழிலாளிக்கு. 1965 ஓகஸ்ட் வெள்ளை அறிக்கையோடு சி வவுச்சர் ஒழிந்தது. மொத்த வவுச்சர்கள் வருடத்துக்கு 8,500 ஆக வெட்டப்பட்டன. அதிலும் 1,000 மால்டாவுக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் மூடியது ஏழைத் தொழிலாளியின் கதவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த வவுச்சரில் ஒரு பெரிய பலம் இருந்தது. அதில் நுழைந்தவர் விரும்பினால் வேலை மாறலாம். மனைவியையும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளலாம். இது 1973 ஜனவரி 1ஆம் திகதியோடு மாறியது. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் அன்று அமுலுக்கு வந்தது. வவுச்சருக்குப் பதிலாக வேலை அனுமதிப் பத்திரம் வந்தது. முதலில் 12 மாதம், ஒரு முதலாளி, ஒரு வேலை. அனுமதி ஆளிடமிருந்து முதலாளியின் கைக்குப் போனது. இன்றைய "ஸ்பொன்சர்" முறையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அதே சட்டம் 1973க்கு முன் குடியேறியிருந்தவர்களுக்கு நிரந்தரமாக இருக்கும் உரிமையைக் கொடுத்தது. உரிமை வந்தது, ஆனால் பலருக்குக் கையில் ஒரு கடிதமும் வரவில்லை. அரசாங்கமும் ஒழுங்கான பதிவு வைக்கவில்லை. பழைய வருகை அட்டைகள் 2010இல் அழிக்கப்பட்டன. 2014, 2016 சட்டங்கள் வீட்டு உரிமையாளரையும் வங்கியையும் முதலாளியையும் குடிவரவுப் பத்திரம் பார்க்க வைத்தபோது, ஐம்பது வருடம் அங்கே உழைத்தவர்கள் வேலையையும் வீட்டையும் வைத்தியத்தையும் இழந்தார்கள். சிலர் நாடு கடத்தப்பட்டார்கள். 2018இல் வெடித்த இந்த விவகாரத்துக்கு, 1948இல் கரீபியன் மக்களை ஏற்றிவந்த "விண்ட்ரஷ்" கப்பலின் பெயரே வைக்கப்பட்டது. உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார். அதற்குப் பிறகு தொடங்கிய விண்ட்ரஷ் திட்டம், 1973க்கு முன் அங்கே குடியேறிய இலங்கையருக்கும் உரியது. உங்கள் உறவில் அப்படி முதியவர் யாரும் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

இனி அண்மைக் காலம். 2002இல் உயர் திறனுள்ளோருக்கு ஸ்பொன்சர் தேவைப்படாத ஒரு வழி வந்தது. பிரித்தானியாவைத் தங்கள் பிரதான வீடாக்குவோம் என்று சொல்லித்தான் மக்கள் அதில் போனார்கள். 2006 நவம்பரில் விதி மாற்றப்பட்டு, ஏற்கனவே போனவர்கள் மீதும் போடப்பட்டது. வழக்குத் தொடுத்து 2008 ஏப்ரலில் வென்றார்கள். நீதிமன்றம் சரியாகத்தான் தீர்த்தது. ஆனால் இடையில் போன காலத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

மாணவர் வழியும் அப்படித்தான். படித்து முடித்தபின் வேலை செய்யும் விசா 2012 ஏப்ரலில் மூடப்பட்டது. 2021 ஜூலையில் வேறு பெயரில் திரும்பத் திறந்தது. 2024 ஜனவரி முதல் தொடங்கும் கற்கைகளில், ஆராய்ச்சிப் பட்டம் போன்ற சிலவற்றைத் தவிர, மனைவி பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது.

எங்கள் பக்கத்தில் அதிகம் பேசப்பட்டது பராமரிப்பாளர் விசா. 2022 பெப்ரவரியில் திறந்தது. 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தைக் கூட்டிப்போவது நின்றது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதே நின்றது. மூன்றரை வருடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இடையில், அனுமதிப் பத்திரம் பறிபோன கம்பனிகளை நம்பிப் போனவர்கள் 60 நாளுக்குள் வேறு ஸ்பொன்சர் தேட வேண்டிய நிலைக்கு வந்தார்கள். இன்றும் அந்த விசா இருக்கிறது என்று இலட்சக்கணக்கில் காசு கேட்கும் முகவர் யாரும் வந்தால், அந்தத் திகதியை அவரிடம் சொல்லுங்கள்.

இந்தக் கதையிலிருந்து, காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று: அனுமதி யாருடைய கையில்? முதலாளியின் கையில் என்றால், அந்தக் கம்பனியின் பெயர் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் உள்ள ஸ்பொன்சர் பட்டியலில் இருக்கிறதா என்று நாமே பார்க்கலாம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இரண்டு: இந்த வழி நிரந்தர வதிவிடத்துக்குப் போகிறதா? மாணவர் விசாவில் கழியும் வருடங்கள் வேலை விசாவின் ஐந்து வருடக் கணக்கில் சேராது. அந்த ஐந்தையும் பொதுவாகப் பத்தாக்கும் திட்டத்தை 2025 மே வெள்ளை அறிக்கையில் அரசு முன்வைத்தது.

மூன்று: குடும்பம் வரலாமா? இன்றைய விதியில் வரலாமா என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு மச்சான் போன வருடத்தின் விதி இன்று செல்லாது.

நான்கு: காசு எதற்கு? விசாக் கட்டணமும் சுகாதாரக் கட்டணமும் அரசுக்குப் போவது. முதலாளி கட்ட வேண்டிய திறன் வரியைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. ஸ்பொன்சர் சான்றிதழை விற்பது வியாபாரமல்ல, மோசடி. இங்குள்ள முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெற்றவரா என்பதையும் பாருங்கள்.

போனவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் விசா, சம்பளச் சீட்டு, வரிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், பழைய கடவுச்சீட்டு, எதையும் எறியாதீர்கள். ஊரில் ஒரு பிரதியும் இருக்கட்டும். விண்ட்ரஷ் முதியவர்களிடம் உரிமை இருந்தது, அதைக் காட்டும் தாள்தான் இல்லாமல் போனது.

போக வேண்டாம் என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை. வீட்டுக் கஷ்டம் நமக்கும் தெரியும். எந்தக் கதவால் போகிறோம், அது எந்த அறைக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். உறுதியை ஈடு வைக்க நினைக்கும் ஒரு குடும்பமாவது இதை வாசிக்கட்டும். பகிர்ந்துவிடுங்கள்.