குருதி பெருகுமுன்

மட்டக்களப்பு வாவியை நாம் அழகின் உருவமாகவே பாடிப் பழகியிருக்கிறோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் அந்நீர்ப்பரப்பின் கிழக்கே எழுவான்கரை; மேற்கே படுவான்கரை. நகரின் பெரிய ஆஸ்பத்திரி புளியந்தீவில் இருக்கிறது. படுவான்கரையின் உழவருக்கு வாவி அழகு மட்டுமன்று, கடக்கவேண்டிய தூரமுமாகும்.

அக்கரையில் உழவு இயந்திரம் கவிழ்ந்து ஒருவன் தலையில் அடிபடுகிறான் என்று கொள்வோம். எழுந்து நடக்கிறான், ஒன்றுமில்லை என்கிறான். சில மணித்தியாலங்களின் பின் நினைவிழந்து சாய்கிறான். மண்டையோட்டினுள்ளே குருதி மெல்லப் பெருகியிருக்கிறது. ஏமாற்றும் இந்த இடைவேளையில் உள்ளே நடப்பதை அறிய மனிதகுலம் செய்த முயற்சி ஒரு நீண்ட சரித்திரம்.

1895இல் ரொன்ட்கன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பின் வெடிப்பைக் காட்டியது, மூளையைக் காட்டவில்லை. 1918இல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி மூளையின் அறைகளுட் காற்றைச் செலுத்திப் படம்பிடித்தார். 1927இல் போர்த்துக்கலில் எகாஸ் மோனிஸ் கழுத்து நாடி வழியே கதிரை மறிக்கும் திரவத்தைச் செலுத்தினார். குருதிக்குழாய்கள் இடம்பெயர்ந்த விதத்தைக் கொண்டு உள்ளிருப்பதை வைத்தியர் ஊகித்தனர். தேங்கிய குருதியை நேரே கண்டாரில்லை.

அந்தத் திரை 1971 ஒக்டோபர் 1ஆம் நாள் விலகியது. லண்டன் விம்பிள்டனிலுள்ள அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில் முதல் நோயாளியின் மூளை சி.ரி. ஸ்கான் மூலம் படமாக்கப்பட்டது. அக்கருவியை அமைத்தவர், இசைத்தட்டுகளால் பெயர்பெற்ற இ.எம்.ஐ. கம்பனியின் பொறியியலாளர் ஹவுன்ஸ்பீல்ட். அதற்கான கணிதத்தைத் தனியே வகுத்து 1963இலும் 1964இலும் வெளியிட்டவர், தென்னாபிரிக்காவிற் பிறந்த அலன் கோமக். இருவரும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இப்போது குருதி வெண்மையாகத் தெரிந்தது. திரளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் அதன் அளவு ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஆனால், ஒரு படம் ஒரு கணத்தையே காட்டும். நசுங்கிய மூளைத் திசுவிற் கசியும் குருதி பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலங்களிலேயே பெருகுகிறது. ஆகவே, விபத்து நடந்த சிறிது நேரத்தில் எடுத்த படத்திற் சிறிய புள்ளி தெரிந்தால் அதையே ஆறுதலாகக் கொள்ளலாகாது. தொடக்கத் திரளின் அளவு, மூளையுறையின் கீழ்ப் பரவிய குருதி, வெண்திரளின் நடுவே உறையாத குருதியைக் காட்டும் கருஞ்சுழி, நோயாளியின் வயது, குருதி உறையாதிருக்க அவர் உண்ணும் மருந்து ஆகியவற்றைச் சேர்த்து நோக்கியே வைத்தியர் வரப்போவதை மதிப்பிடுகின்றனர். ஐயமிருப்பின் மீண்டும் படமெடுக்கின்றனர். முன்னறிதல் என்பது சோதிடமன்று. காலத்தோடு கூடிய கவனிப்பு.

காலத்தின் விலை என்ன? மூளையுறையின் கீழே குருதி தேங்கிய 82 பேரைப்பற்றி 1981இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நான்கு மணித்தியாலங்களுள் சத்திரசிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 30 பேர் இறந்தனர். பிந்தியோரில் 90 பேர். பின்வந்த ஆய்வுகள் இத்தனை பெரிய வேறுபாட்டைக் காணவில்லையாயினும், விரைவின் தேவையை எவரும் மறுத்தாரில்லை. 2019இல் வெளியான கிராஷ்-3 ஆய்வும், டிரனெக்சாமிக் அமிலம் என்னும் மருந்தை மூன்று மணித்தியாலங்களுள் கொடுத்தால், இலேசான அல்லது நடுத்தரத் தலைக்காயமுற்றோரில் மரணம் குறைவதைக் காட்டியது.

மூன்று மணித்தியாலம்! இங்கேதான் விஞ்ஞானத்தின் சரித்திரம் வாவியின் சரித்திரத்தைச் சந்திக்கிறது. கல்லடிப் பாலம் 1924இலேயே எழுந்தது. மண்முனைப் பாலமோ 2014இலேதான் திறக்கப்பட்டது. அதுவரை அத்துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவைக்கு மக்கள் காத்துநின்றனர். போர்க்காலத்தில், 2007 வரையிற் பல ஆண்டுகள், இதே வாவி இரு அதிகாரங்களுக்கிடையே எல்லையாகவும் கிடந்தது. லண்டனில் திரை விலகிய பின்னரும் படுவான்கரையில் இருள் நீடித்ததற்கு இயற்கையை மட்டும் பழிப்பது நேர்மையாகுமா?

இன்று கணினிகள் மூளைப்படத்தைத் தாமே வாசிக்கக் கற்றுவருகின்றன. நாம் அதை மகிழ்வோடு வரவேற்கிறோம். ஆயினும், எடுக்கப்படாத படத்தை எந்தக் கணினியும் வாசிக்காது. இரவிலும் ஓடும் அம்புலன்ஸ், பழுதின்றி இயங்கும் ஸ்கான், இரண்டாம் படத்திற்கும் இடங்கொடுக்கும் விடுதி, இவையே முன்னறிவின் முதற்படிகள். இவற்றைக் கேட்பது சலுகையன்று. இலவச வைத்தியத்தைத் தன் பெருமையாகச் சொல்லும் நாட்டில் வாவிக்கரை மக்களின் உரிமை.