தண்ணீருக்கு வழி

படிவம் ஆறில் எனக்குப் பிடித்த பாடம் புவியியல். பாறை சிதைவதை மலாய் மொழியில் 'லுலுஹாவா' என்பார்கள். அந்தச் சொல்லின் ஓசையே ஏதோ உதிர்வது போல இருக்கும். சைபீரியாவின் உறைநிலத்தில் மண் எப்படி வழிந்து இறங்குகிறது என்று படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அங்கே கோடையில் மேல்மண் மட்டும் இளகும். அடியில் நிலம் உறைந்தே கிடக்கும். இளகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மண்ணிலேயே தங்கிவிடும். மண் கூழாகி, மிக மெல்லிய சரிவில்கூட நகரத் தொடங்கும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் ஹைலண்ட் டவர்ஸ் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதாக ஞாபகம் இல்லை.

அந்தப் பெயரை வீட்டில்தான் கேட்டேன். டிசம்பரில் அடைமழை பிடித்தால் அம்மா சொல்வார்: "இப்படித்தான் அன்னிக்கும் விடாம பேஞ்சுச்சு. டிவிய விட்டு எந்திரிக்கவே இல்ல. யாரையாச்சும் உயிரோட தூக்கிட்டு வந்துர மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

1993 டிசம்பர் 11, சனிக்கிழமை. பிற்பகல் ஒன்றரை மணியளவில், உலு கிள்ளானில் பன்னிரண்டு மாடி ஹைலண்ட் டவர்ஸின் முதல் கட்டடம் சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள்.

இதை 'இயற்கைப் பேரிடர்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

அது கிரானைட் மலை. நம் ஊரில் பாறையை உடைக்கப் பனி தேவையில்லை. வெப்பமும் மழையும் போதும். பிளவுகளில் இறங்கும் நீர், பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமத்தை மெல்ல மெல்லக் களிமண்ணாக்கிவிடும். குவார்ட்ஸ் மணலாக மிஞ்சும். நடுநடுவே சிதையாத உருண்டைக் கற்கள் கிடக்கும். ஆக, மலை என்று நாம் பார்ப்பது பல மீட்டர் ஆழத்துக்குப் பாறையே இல்லை. பாறையாக இருந்த மண். காடு போர்த்தியிருந்து, ஓடைகள் தம் போக்கில் ஓடும்வரை அது பெரும்பாலும் நிற்கும்.

அங்கே அந்த இரண்டிலும் கை வைத்தார்கள். கட்டடத்துக்குப் பின்னால் சரிவை வெட்டித் தடுப்புச் சுவர்கள் எழுப்பினார்கள். மலையில் ஓடிய ஓடையைக் குழாய்க்குள் திருப்பினார்கள். மேலே புதிய வீடமைப்புக்காகக் காட்டை அழித்தார்கள். வடிகால்கள் போதவில்லை. பத்து நாள் மழைக்குப் பிறகு சுவர் உடைந்து, மண் கட்டடத்தின் அடித்தளத்தைத் தள்ளியது. தண்டவாள இரும்பால் ஆன கால்களின் மேல் நின்றது அந்தக் கட்டடம். மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கிய அந்தக் கால்களால், பக்கவாட்டில் தள்ளும் மண்ணைத் தாங்க முடியவில்லை.

இதைப் படித்தபோதுதான் என் சைபீரியப் படம் திரும்ப ஞாபகம் வந்தது. இரண்டு இடத்திலும் நீர் போக வழியில்லை. அங்கே தடுத்தது உறைந்த நிலம். இங்கே தடுத்தது மனிதர்கள் கட்டியது.

குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2000இல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் பொறுப்பைச் சதவீதமாகப் பிரித்தார். மேம்பாட்டு நிறுவனம், கட்டட வரைஞர், பொறியாளர், பக்கத்து நிலத்துக்காரர்கள், அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம் என்று எல்லாருக்கும் ஒரு பங்கு. கழகத்தின் பங்கு 15 சதவீதம். அந்தப் பட்டியலில் மழைக்குப் பங்கு இல்லை. ஆனால் 2006இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆவது பிரிவு கழகத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று சொல்லிவிட்டது. அதனால் கழகம் எதுவும் தர வேண்டியதில்லை.

இதற்கிடையே 2002இல் அதே தாமான் ஹில்வியூவில் மண் சரிந்து ஒரு பங்களாவில் எட்டுப் பேர் இறந்தார்கள். 2008 டிசம்பரில் பக்கத்திலேயே புக்கிட் அந்தாராபங்சாவில் பதினான்கு பங்களாக்கள் நொறுங்கின. 2022 டிசம்பரில் பத்தாங் காலியில், கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் இறங்கியது. 31 பேர்.

மிச்சமிருந்த இரண்டு கட்டடங்களும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆளில்லாமல் நின்றன. சில ஆண்டுகளுக்கு முன் நண்பனோடு போய்ச் சாலையிலிருந்து பார்த்தேன். மாடங்களில் செடிகள் முளைத்திருந்தன. நண்பன், "பேய் இருக்காம்டா" என்று சிரித்தான். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். நான் பின்னால் இருந்த சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "மழை என்னடா பண்ணும்? அது பெய்யத்தான் செய்யும்" என்றார்.